பயத்துக்குள் யார் துணை?

கேள்வி: என் மகளுக்கு 13 வயது, மகனுக்கு 16. மகள் பேய்க் கதைகளைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை. சென்ற மாதம் தோழி கொடுத்த ஒரு திகில் நாவலைப் படித்துவிட்டு மூன்று இரவுகள் விளக்கை அணைக்க விடவில்லை. நான்காம் நாள் அதே போன்ற இன்னொன்று வேண்டும் என்று கேட்டாள். மகன் கொலை, துப்பறிதல் என்றால் மட்டுமே புத்தகத்தை எடுக்கிறான். இப்போது பெரியவர்களுக்கான நாவல்களுக்குப் போய்விட்டான். இவையெல்லாம் மனத்தைக் கெடுக்கும், நிறுத்திவிடு என்கிறார் என் கணவர். நிறுத்தினால் படிக்கும் பழக்கமே போய்விடுமோ என்று எனக்கு அச்சமாக இருக்கிறது. எதைத் தரலாம், எதைத் தள்ளிவைக்கலாம்?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நூலகத்தில் இளையோர் பிரிவின் பொறுப்பை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வருகிறேன். "பிள்ளை புத்தகத்தையே தொடமாட்டேன் என்கிறான்" என்று கவலைப்படும் பெற்றோருக்கு அடுத்தபடியாக என்னிடம் அதிகம் வருபவர்கள் உங்களைப் போன்றவர்கள்தாம். விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிறுத்த வேண்டாம். ஆனால் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு போய்த் தனியாகப் படித்து, தனியாகப் பயந்து, தனியாக விளக்கைப் போட்டுக்கொண்டு கிடக்கும்படி அவளை விட்டுவிடவும் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் மூன்று இரவுகளைவிட அந்த நான்காம் நாள்தான் என்னை நிறுத்தியது. பயந்துபோன ஒரு பெண் மறுபடியும் அதே பயத்தைக் கேட்டு வருகிறாள் என்றால், போன தடவை தன்னால் திரும்பி வர முடிந்தது என்பதை அவள் கவனித்திருக்கிறாள் என்று பொருள். 13 வயதில் உலகம் திடீரென்று பெரிதாகிவிடுகிறது. பெரியவர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடுவார்கள் என்ற நம்பிக்கையில் முதல் விரிசல் விழும் வயது அது. அந்த வயதில் தன் பயத்தைத் தானே அளந்து பார்க்க ஒரு இடம் வேண்டியிருக்கிறது. திரைப்படத்தில் காட்சியின் வேகம் இயக்குநரின் கையில் இருக்கிறது. புத்தகத்தில் கடிவாளம் வாசகரின் கையில் இருக்கிறது. அவள் மெதுவாகப் படிக்கலாம், ஒரு பத்தியைத் தாண்டலாம், மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்து வரலாம். அவள் மனம் வரையும் படமும் அவளிடம் ஏற்கெனவே இருக்கும் வண்ணங்களைக் கொண்டே வரையப்படுகிறது.

இதை எனக்குத் தெளிவாக உணர்த்திய நூல் ஒன்று உண்டு. ஆல்வின் ஷ்வார்ட்ஸ் நாட்டுப்புறப் பேய்க் கதைகளைத் தொகுத்து 1981இல் வெளியிட்ட 'ஸ்கேரி ஸ்டோரீஸ் டு டெல் இன் தி டார்க்' என்ற நூலையும் அதன் அடுத்த தொகுதிகளையும் அகற்றச் சொல்லி 1990களில் அமெரிக்க நூலகங்களுக்கு வந்த எதிர்ப்பு, அந்தப் பத்தாண்டில் வேறெந்த நூலுக்கும் வந்ததைவிட அதிகம். கதைகளைப் படித்துப் பார்த்தால் அவை பாட்டிமார் சொல்லக்கூடிய எளிய கதைகள். குழந்தைகளின் தூக்கத்தைக் கெடுத்தவை பெரும்பாலும் ஸ்டீபன் காமெல் வரைந்த ஓவியங்கள். 2011இல் வேறொரு ஓவியரின் மென்மையான படங்களோடு அதே கதைகள் மறுபடியும் அச்சாயின. உங்கள் மகள் படித்த நாவலில் படங்கள் இருந்தனவா, அட்டை எப்படி இருந்தது என்று பாருங்கள். சில பிள்ளைகளுக்கு அட்டைப் படத்தைத் தாளால் மூடிவிட்டாலே பாதிப் பயம் போய்விடுகிறது.

அடுத்து, அவளிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "ஏன் இதைப் படிக்கிறாய்?" என்பது குற்றம் சாட்டும் கேள்வி, அதற்கு எந்தப் பிள்ளையும் உண்மையான பதில் சொல்லாது. "அந்தக் கதையில் எந்த இடம் உன்னை விடவே இல்லை?" என்று கேளுங்கள். அவள் சொல்லும் இடத்தை வைத்து அவளுக்கு அடுத்து எந்த நூல் பொருந்தும் என்பதை என்னால் ஓரளவு சொல்லிவிட முடியும், ஏனெனில் பயத்தில் இரண்டு இனங்கள் உண்டு.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதிவைத்தவர் ஆன் ராட்கிளிஃப், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திகில் நாவல்களால் பெரும்புகழ் பெற்ற ஆங்கில எழுத்தாளர். அவர் மறைந்தபின் 1826இல் வெளியான ஒரு கட்டுரையில், திகிலும் கோரமும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்கிறார். திகில் மனத்தை விரியச் செய்து அதன் ஆற்றல்களை விழிக்கச் செய்கிறது. கோரம் அவற்றைச் சுருக்கி உறையச் செய்துவிடுகிறது. கதவுக்கு வெளியே ஏதோ நிற்கிறது என்று தெரிந்தும் என்னவென்று தெரியாமல் இருப்பது திகில். கதவு திறந்து, சிதைந்த உடல் நம் முன்னே விழுவது கோரம். முதலாவதில் வாசகரின் மனம் வேலை செய்கிறது. இரண்டாவதில் அதற்கு வேலை இல்லை. பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடியும், பார்த்ததை அழிக்கவும் முடியாது.

உங்கள் மகள் "அந்த மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்குமே, அந்த இடம்" என்று சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை. அவள் தேடுவது திகில், அதில் மிக நல்ல இலக்கியம் இருக்கிறது. "அந்தப் பெண்ணுக்கு அவர்கள் செய்ததை மறக்க முடியவில்லை" என்று சொன்னால், அவள் கையில் இருந்தது அவளுக்கு உரிய நூல் இல்லை. அப்போதும் திட்ட வேண்டாம். அந்த நூலில் தனக்கு ஒவ்வாததை அவளே இனம் கண்டுவிட்டாள். அந்தக் கண்டுபிடிப்பை அவளுக்குச் சொற்களில் எடுத்துத் தாருங்கள், அடுத்த முறை ஒரு நூலைத் தானே மூடிவைக்க அது உதவும்.

திகிலுக்கு நான் முதலில் தரும் கதை டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் எழுதிய 'தி மங்கீஸ் பா' என்ற சிறுகதை. வயதான தம்பதியர், மூன்று வரம் தரும் ஒரு குரங்குப் பாதம், இரவில் கதவைத் தட்டும் ஓசை. கதவுக்கு அப்பால் நிற்பது கடைசிவரை நம் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. ஒரே அமர்வில் படித்து முடிக்கலாம், உரக்கவும் வாசிக்கலாம். வாசித்து முடித்ததும் "வெளியே நின்றது எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள். அவளுடைய பதிலிலிருந்து அவள் மனம் எவ்வளவு தூரம் போகிறது என்பது உங்களுக்குப் புரியும். எம். ஆர். ஜேம்ஸ் 1904இல் வெளியிட்ட பேய்க் கதைத் தொகுப்பும் இந்த வகையைச் சேர்ந்தது. கிறிஸ்துமஸ் இரவுகளில் நண்பர்களுக்கு வாசித்துக் காட்ட எழுதப்பட்ட கதைகள் அவை. குரலில் கேட்பதற்கென்று எழுதப்பட்டதால்தானோ என்னவோ, உரக்கப் படிக்கும்போது அவற்றின் வலிமை கூடுகிறது.

நாவலுக்கு வரும்போது நான் வேறொன்றையும் பார்க்கிறேன். அட்டையில் அச்சிட்டிருக்கும் வயதைவிட அதை நான் பெரிதாக நம்புகிறேன். இந்தக் கதையின் பயத்துக்குள் நுழையும் வாசகருக்குத் துணையாக உள்ளே யார் இருக்கிறார்? அறிவோடும் அன்போடும் நடந்துகொள்ளும் ஒரே ஒரு பாத்திரமாவது பக்கத்தில் இருந்தால், பிள்ளைகள் மிக இருண்ட இடத்துக்கும் போய்த் திரும்பிவிடுகிறார்கள். துணையே இல்லாத கதையில், இரத்தம் ஒரு துளிகூடச் சிந்தாவிட்டாலும், கலங்கிப்போகிறார்கள்.

உங்கள் மகளுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் நாவல் ஜொனாதன் ஸ்ட்ரவுடின் 'லாக்வுட் அண்ட் கோ' தொடரின் முதல் நூலான 'தி ஸ்க்ரீமிங் ஸ்டேர்கேஸ்', 2013இல் வெளியானது. ஆவிகள் நாடெங்கும் பரவிவிட்ட ஒரு உலகம். அவற்றைக் காணவும் கேட்கவும் கூடிய புலன்கள் இளையோருக்கு மட்டுமே உண்டு, வளர்ந்ததும் மங்கிவிடும். ஆகவே ஆபத்தான வேலையை இளையோரே செய்ய வேண்டியிருக்கிறது. கதையைச் சொல்லும் லூசி, தலைவன் லாக்வுட், ஆவணங்களைத் துழாவும் ஜார்ஜ் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டும் காப்பாற்றிக்கொண்டும் போவதால், பயமுறுத்தும் பக்கங்கள் உண்மையாகவே பயமுறுத்தினாலும் வாசகர் தனித்து விடப்படுவதில்லை. ஐந்து நூல்கள் கொண்ட தொடர். பேய்க் கதை மட்டுமே படிக்கும் பிள்ளையை மெல்ல மர்மக் கதைக்கும் அழைத்துச் செல்லும். ஏனெனில் ஒவ்வோர் ஆவிக்குப் பின்னாலும், இது யார், எப்படி இறந்தது என்ற புலனாய்வு இருக்கிறது.

பேயிலிருந்து சற்றே விலக்கிப் பார்க்க விரும்பினால் ராபின் ஸ்டீவன்ஸ் 2014இல் எழுதிய 'மர்டர் மோஸ்ட் அன்லேடிலைக்' பொருந்தும். 1934இல் ஒரு விடுதிப் பள்ளியில் 13 வயதுத் தோழியர் இருவர் கொலை ஒன்றைத் துப்பறிகிறார்கள். கதை சொல்பவள் ஹாங்காங்கிலிருந்து வந்து அந்நியச் சூழலில் படிக்கும் ஹேசல் வோங். தோழமையில் ஒருவர் எப்போதும் முந்திக்கொண்டு மற்றவர் பின்னால் நடக்கும் வலியை அந்நூல் நேர்மையாகப் பேசுகிறது. எலன் ராஸ்கினின் 'தி வெஸ்டிங் கேம்' (1978) முற்றிலும் புதிராலானது. ஒரு செல்வந்தரின் உயிலுக்கு 16 வாரிசுகள், இருவர் இருவராகப் பிரிக்கப்பட்ட அவர்களுக்கு ஜோடிக்குச் சில சொற்களே துப்பு. அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு வழங்கப்படும் நியூபெரி பதக்கம் பெற்ற அந்நூலை நான் ஒரு தாளும் பேனாவும் சேர்த்தே இரவல் கொடுப்பேன்.

இங்கே என் தவறு ஒன்றையும் எழுத வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் 14 வயதுப் பெண் ஒருத்தி வந்து, "நிறையப் பயமாக இருக்கும் புத்தகம் கொடுங்கள்" என்று கேட்டாள். அந்த வாரம் எல்லோரும் விரும்பிப் படித்த ஒரு நாவலை எடுத்துக் கொடுத்தேன். இறந்துபோன தாய் ஆவியாகத் திரும்பி வரும் கதை அது. மறுநாளே திருப்பிக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். சில மாதங்களுக்கு முன்தான் அவள் தாயை இழந்திருந்தாள் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. அவள் பயத்தைக் கேட்டது உண்மை; ஆனால் தன் வீட்டுத் துயரத்தை மறக்கவைக்கும் ஏதோ ஒரு பயத்தைத்தான் கேட்டாள், நானோ அந்தத் துயரத்தையே ஒரு அட்டைக்குள் வைத்து நீட்டிவிட்டேன். அன்றிலிருந்து, இரண்டு நிமிடம் பேசாமல் எந்தப் பிள்ளைக்கும் திகில் நூலைக் கொடுப்பதில்லை. எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு வகுத்த ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. அதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தபோது புரியாதது அந்தப் பெண் திரும்பிப் போனபோது புரிந்தது. உங்கள் வீட்டிலோ உறவிலோ அண்மையில் இழப்பு, பிரிவு, கடும் நோய் ஏதும் நேர்ந்திருந்தால், அதே பொருளைத் தொடும் நூல்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

நேர்மாறாக, துயரத்தை நேரே பார்க்கவென்றே எழுதப்பட்ட திகில் நூலும் உண்டு. பேட்ரிக் நெஸ்ஸின் 'எ மான்ஸ்டர் கால்ஸ்' (2011) நாவலில் தாய் நோயுற்றிருக்கும் 13 வயதுச் சிறுவனைத் தேடி நள்ளிரவு கடந்து ஏழு நிமிடத்துக்கு ஒரு பேருருவம் வருகிறது. புற்றுநோயால் 2007இல் மறைந்த எழுத்தாளர் ஷிவான் டவுட் விட்டுச்சென்ற கருவிலிருந்து அது எழுதப்பட்டது. அந்தப் பேருருவம் அச்சமூட்டுவது உண்மைதான், ஆயினும் அந்தச் சிறுவனுக்கு உண்மையான துணை அதுவே. இதைத் தனியே படிக்கக் கொடுக்காதீர்கள். நீங்கள் முதலில் படியுங்கள், அழுதுவிட்டு, பிறகு சேர்ந்து படியுங்கள்.

இனி உங்கள் மகன். அவனைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. ஆனால் சொல்ல வேண்டியது அதிகம். துப்பறியும் கதை வாசகருக்கு ஒரு வாக்குறுதி அளிக்கிறது: நடந்தது கொடுமையானாலும் அதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தைக் கண்டறியத் தேவையானவை எல்லாம் உன் கண்முன்னே வைக்கப்படும். 1929இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், தாமே துப்பறியும் கதைகள் எழுதியவர், இந்த நேர்மைக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார்: துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது, அமானுஷ்ய சக்தி காரணமாக வரக் கூடாது, முன்னறிவிப்பில்லாமல் இரட்டையர் முளைக்கக் கூடாது என்றெல்லாம். 16 வயதுப் பையனுக்கு இதைவிட நல்ல சிந்தனைப் பயிற்சி அரிது. ஆதாரம் எது, அனுமானம் எது, தனக்குப் பிடிக்காதவன் என்பதாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று நம்பிவிட்டோமா என்பதையெல்லாம் நல்ல மர்ம நாவல் ஒவ்வோர் அத்தியாயத்திலும் சோதிக்கிறது.

அவன் இன்னும் படித்திராவிட்டால் அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் அக்ராய்ட்' (1926) நூலைக் கொடுங்கள். அதைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவோ எங்கும் தேடிப் படிக்கவோ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவையுங்கள். முடித்த கையோடு முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடுவான். முதல் உலகப் போரின்போது மருத்துவமனையின் மருந்தகத்தில் பணியாற்றிய கிறிஸ்டிக்கு நஞ்சுகளைப் பற்றி முறையான அறிவு இருந்தது. அவருடைய கதைகளில் சாவு பெரும்பாலும் சத்தமில்லாமல், நம் கண்ணுக்கு அப்பால் நேர்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எண்ணுகிறேன். ஆனால் அவருடைய 'அண்ட் தென் தேர் வேர் நன்' (1939) வேறு மாதிரி. பத்துப் பேர் ஒரு தீவில் சிக்குகிறார்கள். ஒவ்வொருவர் மீதும் ஒரு சாவின் பழி இருக்கிறது. நம்பித் தோளில் சாயத்தக்க துப்பறிவாளர் ஒருவரும் இல்லை. நான் மேலே சொன்ன துணை முற்றிலும் இல்லாத நாவல் அது. 16 வயதில் அது ஒரு பெரும் அனுபவம். 13 வயதில் உங்கள் மகள் கேட்டால் இன்னும் ஓராண்டு தள்ளிப்போடுங்கள்.

இக்காலத்து இளையோர் மர்ம நாவல்களில் அவன் வகுப்புத் தோழர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாக இருக்கும். கேரன் எம். மக்மேனஸின் 'ஒன் ஆஃப் அஸ் இஸ் லையிங்' (2017) நாவலில் பள்ளியில் தண்டனையாக நிறுத்திவைக்கப்பட்ட ஐவரில் ஒருவன் இறக்கிறான், மற்ற நால்வரும் சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள். ஹாலி ஜாக்சனின் 'எ குட் கேர்ல்ஸ் கைட் டு மர்டர்' (2019) நாவலில் மாணவி ஒருத்தி ஐந்தாண்டுக்கு முந்தைய வழக்கைப் பள்ளித் திட்டக் கட்டுரையாக எடுத்துத் துருவுகிறாள். இரண்டும் விறுவிறுப்பானவை, திறமையாகக் கட்டப்பட்டவை. இரண்டாவதில் போதைப்பொருளும் பாலியல் வன்முறையும் பேசப்படுகின்றன. 15 வயதுக்குமேல், வீட்டில் அவற்றைப் பற்றிப் பேச இடமிருந்தால், தாராளமாகப் படிக்கலாம். ஒன்று மட்டும் கவனியுங்கள்: அத்தொடரின் மூன்றாம் நூல் முதல் நூலைவிட மிக இருண்டது. முதல் நூலைப் பார்த்துவிட்டு முழுத் தொடருக்கும் சேர்த்து இசைவு தரும் வழக்கம் பெற்றோரிடம் இருக்கிறது. தொடர் நாவல்கள் வாசகரோடு சேர்ந்து வளர்கின்றன. கடைசி நூல் எந்த வயதுக்கு எழுதப்பட்டது என்பதைப் பாருங்கள்.

பெரியவர்களுக்கான நாவல்களுக்கு அவன் போய்விட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். 16 வயதில் அது இயல்பு. நான் எல்லை வகுப்பது ஒரே இடத்தில்தான்: துன்புறுத்தலை வாசகர் ரசிக்கும்படி எழுதியிருக்கிறார்களா என்பதில். மாத நாவல்களாக வந்த தமிழ்க் குற்றக் கதைகள் பலவற்றின் வேகம் வியக்கத்தக்கது, தலைமுறை தலைமுறையாக மக்களைப் படிக்க வைத்தவை அவை. அதற்கு நான் நன்றியுடையவன். ஆனால் அவற்றுள் கணிசமானவை இளம்பெண் ஒருத்தியின் உடலோடு தொடங்குகின்றன, அந்தப் பெண் யார், எதை விரும்பினாள் என்று கடைசிவரை கேட்பதே இல்லை. இதைத் தடை செய்வதைவிட அவனோடு பேசுங்கள். "செத்தவரைப் பற்றி இந்தக் கதைக்கு அக்கறை இருக்கிறதா?" என்ற ஒரு கேள்வியை அவன் மனத்தில் போட்டுவைத்தால் போதும், அடுத்து எடுக்கும் ஒவ்வொரு நாவலையும் அதைக்கொண்டு அவனே நிறுத்துப் பார்ப்பான். சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்' அவன் வயதுக்கு ஏற்றது; நடப்பதெல்லாம் அமானுஷ்யமா அறிவியலா என்ற தராசை நெடுநேரம் ஆடவிட்டு நிற்கும் அந்நாவலைத் தமிழில் திகிலுக்கும் மர்மத்துக்கும் இடையில் கட்டிய பாலம் என்றே சொல்வேன். ஸ்டீபன் கிங் வேண்டும் என்று அவன் கேட்டால் 'கேரி' (1974) நாவலில் தொடங்கலாம், பள்ளியில் ஒருத்தியைக் கூடி அவமதிப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அது சொல்கிறது. அவருடைய 'இட்' (1986) வேறு. முக்கியப் பாத்திரங்கள் சிறுவர் என்பதால் அது சிறுவர் நாவல் ஆகிவிடாது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்நூலில் உள்ள சில பகுதிகளை எந்தப் பதின்பருவத்தினர் கையிலும் நான் கொடுப்பதில்லை.

பழம்பெரும் நூல்களைப் பற்றிக் கணவர் கேட்கக்கூடும்; "படிப்பதானால் இலக்கியத்தைப் படிக்கட்டும்" என்று தந்தையர் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். திகிலும் இலக்கியம்தான் என்பதற்கு மேரி ஷெல்லி சான்று. 1816இன் கோடையில், ஜெனிவா ஏரிக் கரையில், ஆளுக்கொரு பேய்க் கதை எழுதுவோம் என்று நண்பர்கள் வைத்துக்கொண்ட போட்டியில் 'ஃப்ராங்கன்ஸ்டைன்' கருக்கொண்டபோது அவருக்கு வயது 18. நூல் 1818இல் வெளியானது. உங்கள் மகனைவிட இரண்டு வயதே மூத்த ஒரு பெண் எழுதத் தொடங்கிய நாவல் அது என்பதைச் சொல்லிக் கொடுங்கள். தொடக்கம் மெதுவாகப் போகும், கடிதங்களாக நீளும். ஆனால் உருவாக்கியவனால் கைவிடப்பட்ட அந்த உயிர் தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும் இடம் வந்ததும், பதின்பருவத்தினர் என்னிடம் வந்து அதன் பக்கம் நின்று வாதாடுவதைப் பார்த்திருக்கிறேன். பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) நாவலை முழுதாகப் படிக்கப் பலரால் முடிவதில்லை. முதல் நான்கு அத்தியாயங்களை, கோட்டைக்குள் சிக்கிய ஜொனாதன் ஹார்க்கரின் நாட்குறிப்பை, மட்டும் படித்துவிட்டு நிறுத்தினாலும் குற்றமில்லை.

நிறுத்துவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு ஆசிரியரும் எழுத்தாளருமான தானியேல் பெனாக் 1992இல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார்; பக்கங்களைத் தாண்டும் உரிமையும் நூலை முடிக்காமல் விடும் உரிமையும் அவற்றில் உண்டு. திகில் படிக்கும் பிள்ளைக்கு இவ்விரண்டும் மூச்சுக்காற்று மாதிரி. "எடுத்த புத்தகத்தை முடிக்க வேண்டும்" என்ற வீட்டு ஒழுங்கு பிற நூல்களுக்கு இருக்கலாம்; இவ்வகைக்கு அதைத் தளர்த்திவிடுங்கள். பாதியில் மூடிவைப்பது தோல்வி என்று எண்ணும் பிள்ளைதான் பயத்தை விழுங்கிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை போய், மூன்று இரவு விழித்திருக்கும். தோழிகளின் முன்னால் தைரியசாலியாகக் காட்டிக்கொள்ளும் கட்டாயமும் அவளுக்கு இருந்திருக்கலாம், அதையும் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

மற்றபடி இரவுக்கான ஏற்பாடுகள் எளியவை. திகில் நூல் மாலையில் வெளிச்சம் இருக்கும்போதே படிக்கப்படட்டும், உறங்கும் முன் கையில் இருப்பது வேறொரு நூலாக இருக்கட்டும். அத்தியாயத்தின் முடிவில் நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள், ஏனெனில் அத்தியாயங்கள் பெரும்பாலும் நம்மை உச்சியில் தொங்கவிட்டு முடிகின்றன. அடுத்த அத்தியாயத்தில் இரண்டு பக்கம் படித்து, மூச்சு தணிந்த இடத்தில் அடையாளத் தாளை வைத்து மூடட்டும். நூலைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது சில பிள்ளைகளுக்கு ஆச்சரியப்படத்தக்க அளவு உதவுகிறது. விளக்கு எரியட்டும், அதைப் பற்றிக் கேலி மட்டும் வேண்டாம், அண்ணனிடமிருந்தும் வேண்டாம். ஓரிரு இரவுகள் கலைந்த தூக்கம் இவ்வகை வாசிப்பில் நேர்வதுதான். ஆனால் நூலை நிறுத்திய பின்னும் வாரக்கணக்கில் தூக்கம் கெடுவது, பகலிலும் அறைக்குத் தனியே போக அஞ்சுவது, பள்ளியைத் தவிர்ப்பது போன்றவை தென்பட்டால், காரணம் அந்த நாவலைவிட ஆழத்தில் இருக்கக்கூடும்; அப்போது நூலகரிடம் வராமல் குழந்தை நல மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ செல்லுங்கள்.

உங்கள் கணவரின் அச்சத்தையும் நான் சிறிதாக எண்ணவில்லை. பிள்ளையின் மனத்துக்குள் என்ன போகிறது என்று கவலைப்படும் தந்தை நல்ல தந்தை. அவரை நடுவராக வைக்காமல் வாசகராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். விக்கிரமாதித்தன் தோளில் கிடக்கும் பிணத்துக்குள்ளிருந்து வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்டு, பதில் வந்ததும் மறுபடியும் முருங்கை மரம் ஏறிக்கொள்ளும் கதைகளை அவரும் சிறுவயதில் கேட்டே வளர்ந்திருப்பார். திகிலும் மர்மமும் ஒரே கயிற்றில் முறுக்கிய கதைகள் அவை. அவருக்கு எந்த வேதாளக் கதை நினைவில் நிற்கிறது என்று பிள்ளைகள் முன்னால் கேளுங்கள். சத்யஜித் ராய் 'சந்தேஷ்' என்ற சிறுவர் இதழில் 1965இல் தொடங்கிய ஃபெலுடா கதைகளும் தமிழில் கிடைக்கின்றன; துப்பறியும் அண்ணனோடு கூடவே நடந்து கதையைச் சொல்லும் சிறுவன் தொப்ஷே உங்கள் வீட்டுக்குப் பொருத்தமானவன்.

ஆயினும் நால்வருக்கும் சேர்த்து ஒரே ஒரு நூல் கேட்டால், நான் எடுத்துத் தருவது ஆர்தர் கோனன் டாயிலின் 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்'. 1901இல் தொடராக வெளிவரத் தொடங்கி 1902இல் நூலானது, 15 அத்தியாயங்கள். மகள் கேட்கும் சாபமும் இருளும் ஊளையும் அதில் இருக்கின்றன, மகன் கேட்கும் தடயமும் தர்க்கமும் இருக்கின்றன. கதையின் நடுப்பகுதியில் நெடுநேரம் ஹோம்ஸ் காட்சிக்கே வருவதில்லை, சதுப்பு நிலத்தில் வாட்சன்தான் நம்மோடு நடக்கிறார். எல்லாம் தெரிந்தவர் அருகில் இல்லாதபோது, நம்மைப் போலவே பயந்தும் விடாமல் நடக்கும் ஒருவர் போதும் என்பதை நான் கண்ட நாவல் அதுதான். இரவுக்கு ஓர் அத்தியாயமாக, முறைவைத்து ஆளுக்கொருவர் உரக்க வாசியுங்கள். முதல் வாசிப்பைக் கணவருக்குக் கொடுங்கள். இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி வரி வரும்போது வாசிப்பவர் யாரானாலும் அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்லட்டும், பிறகு யாரும் உடனே எழுந்து போகாமல் சற்று நேரம் பேசிக்கொண்டிருங்கள்.

முடித்தபின் எனக்கு எழுதுங்கள். மகளுக்கு எந்த இடம் மனத்தை விடவில்லை, மகன் எந்த அத்தியாயத்தில் குற்றவாளியைக் கண்டுபிடித்தான் என்ற இரண்டையும் தெரிவித்தால், அடுத்த நூலை அதற்கேற்பத் தேடி எடுத்து வைக்கிறேன்.